பாலத்துக்குக் கீழே அரை நொடி

அத்தியாயம் 9

"நாலு வண்டியும் தும்முது சார்," என்றாள் அரட்டை.

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பைக் ரேஸ் பார்க்கும் துப்பறிவாளர் சர்வேயர் ஒருவராகத்தான் இருப்பார். ஒரு பக்கத்துப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, "என்னது?" என்றார்.

"கம்பெனி வண்டி நாலும் சார். அந்த நடைபாலத்துக்குக் கீழ வரும்போது இன்ஜின் சத்தம் சட்டுன்னு இறங்கி மறுபடி ஏறுது. ஒரு தும்மல். எட்டு ரவுண்டு, நாலு வண்டி, மொத்தம் முப்பத்திரண்டு தும்மல். நீங்க என்னை அனுப்பினது தப்பு நடக்குதான்னு பார்க்க. தப்பு ஒண்ணும் நடக்கல. அதான் தும்மலை எண்ணிட்டு வந்தேன்."

சர்வேயர் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸுக்காக நொறுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய உதவியாளர் அரட்டைக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட யாராவது வாயைத் திறப்பதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிடுவாள் என்பதால், அது யாருக்கும் தேவைப்படாமலே போய்விட்டது.

"தும்மலை அப்புறம் பார்ப்போம். நாம போட்ட தூண்டில் என்னாச்சு?"

"மீன் வரல சார். புழு அப்படியே இருக்கு."

தூண்டில் விஷயம் இதுதான். ரேஸ் தடத்தின் கடைசி ஷெட்டில், கழிப்பறைக்குப் பக்கத்தில், ஐந்தே பேர் கொண்ட ஒரு சின்ன அணி இருந்தது. முதலாளி ஒரு அக்கா. வண்டி ஓட்டுபவன் அவளுடைய கடைசித் தம்பி. மெக்கானிக் அவர்களுடைய தாய்மாமன். மற்ற இரண்டு பேர் டயர் மாற்றவும் பெட்ரோல் ஊற்றவும் வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்த அணி சனிக்கிழமை எந்தப் புது உத்தியைக் கண்டுபிடித்தாலும், ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் செய்யும் பெரிய கம்பெனியின் வண்டிகள் நான்கும் அதையே செய்தன. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியருக்குப் பதில் மூன்றாம் கியர் என்று இவர்கள் ஒரு நாள் கண்டுபிடித்தால், மறுநாள் அங்கே நாலு வண்டியும் மூன்றாம் கியர். சீசனில் ஐந்து போட்டி, எல்லாம் இதே தடத்தில். நான்கு முடிந்துவிட்டது. நான்கிலும் இதே கதை.

யாரோ உள்ளிருந்து விற்கிறார்கள் என்று அக்கா முடிவு கட்டியிருந்தாள். யார் என்றும் முடிவு கட்டியிருந்தாள். மாமா இரண்டு முறை கம்பெனி டிரெய்லருக்குள் போய்விட்டு வந்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். விடிந்ததும் விடியாததுமாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் வண்டியோடு தனியாக என்னவோ செய்துகொண்டிருக்கிறார். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறார்.

"மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க சார். அவரா இல்லையான்னு," என்று நேற்று அக்கா சொல்லியிருந்தாள். "எங்களைத் தூக்கி வளர்த்தவர் சார். ஆனா அவர் கை வெச்ச வண்டியில என் தம்பியை ஏத்த இப்ப எனக்குப் பயமா இருக்கு."

எனவே நேற்று சாயங்காலம் சர்வேயர் சொல்லிக்கொடுத்தபடி, கடைசி வளைவில் தம்பி நாளைக்கு நான்காம் கியரில் போகப்போகிறான் என்று அக்கா மாமாவிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொன்னாள். இன்று காலை நடந்த பயிற்சி ஓட்டத்தில் கம்பெனி வண்டிகள் கடைசி வளைவில் வழக்கம்போல மூன்றாம் கியரிலேயே போயின.

"அப்ப மாமா இல்லைன்னு தானே சார் அர்த்தம்?"

"அவர் உஷாராயிட்டார்னு அந்தம்மா சொல்லும். ஒரு வண்டி இடிச்சுட்டு வந்தா எல்லாரும் நசுங்கின பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. நான் நசுங்காத பக்கத்தை முதல்ல பார்ப்பேன். இப்ப அந்தத் தும்மலைச் சொல்லு. நேத்து இருந்துச்சா?"

அரட்டை யோசித்தாள். அவள் யோசிக்கும்போது மட்டும்தான் சுற்றுவட்டாரத்தில் அமைதி நிலவும்.

"கம்பெனி வண்டியில நேத்து இல்ல. இன்னைக்குத்தான் ஆரம்பம். ஆனா நம்ம தம்பி வண்டியில நேத்தும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. அதே பாலம், அதே இடம்."

சர்வேயர் இன்னொரு காதுப் பஞ்சையும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "வா."

*

கடைசி ஷெட்டுக்குப் போகும் வழி நெடுக ஷட்டர் இறங்கிய ஷெட்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே இருபத்திரண்டு அணிகள் ஓடின. அன்றைக்கெல்லாம் இன்ஜினை அவரவர் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டினார்கள்; காதும் கையும் இருந்தால் போதும். பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. பெட்டி வந்ததும் பெட்டியைப் படிக்க ஒரு ஆள் வந்தான், ஆளுக்கு ஒரு ஏசி அறை வந்தது, அறைக்கு ஒரு டிரெய்லர் வந்தது. வீட்டை விற்றாலும் கட்டுப்படியாகாது என்று ஆனதும் பதின்மூன்று அணிகள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்பதில், கம்பெனியைத் தவிர மற்ற எட்டும் கம்பெனியின் இன்ஜினையே வாடகைக்கு வாங்கி ஓடின. சீசனில் ஒரு தடவையாவது முதல் மூன்று இடத்துக்குள் வராத அணி இன்ஜினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. இந்த அணி நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து என்று வந்திருந்தது. மிச்சம் இருப்பது இன்று மூன்று மணிப் போட்டி மட்டும்தான்.

"இதுல எனக்கு ஒண்ணு புரியல சார்," என்றாள் அரட்டை. "கம்பெனிகிட்டயே இன்ஜினை வாங்கி, கம்பெனி வண்டி நாலுல ரெண்டையாவது ஜெயிக்கணும். ஜெயிக்கலைன்னா இன்ஜினைப் பிடுங்கிடுவாங்க. இதுக்குப் பேரு போட்டியா?"

"பேரெல்லாம் அவங்க வெச்சதுதான். நடம்மா."

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். மாமா வண்டிக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து பெட்ரோல் டியூபைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இனி எந்த சோப்புக்கும் போகாது. பத்தடி தள்ளி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நேற்று சொன்ன பொய்யைத் தவிர, மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"பெரியவரே, பாலத்துக்குக் கீழ இந்த வண்டி சத்தம் இறங்குதே, எதனால?" என்று சர்வேயர் நேராகக் கேட்டார்.

மாமாவின் கை அப்படியே நின்றது. அக்காவைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"உங்களுக்கும் கேட்டுடுச்சா?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். ஆறு மாதக் கணக்கு. பெட்ரோல் பம்ப் மாற்றினேன், போகவில்லை. வயரிங் முழுக்கப் பிரித்துப் பார்த்தேன், போகவில்லை. ஃபில்டர், பிளக், மறுபடி பம்ப், காயில், மறுபடியும் பம்ப். ஒவ்வொரு வரியும் போகவில்லை என்று முடிந்தது. எல்லாம் விடியற்காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செய்த வேலை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் அக்கா. மூன்று வாரத்துக்குப் பிறகு மனம் திறந்து பேசும்போது மாமா என்ற சொல் வாயில் வரவில்லை.

"எப்படிம்மா சொல்றது? ஒரு பழுதை ஆறு மாசமா கண்டுபிடிக்கத் தெரியாதவனை எதுக்கு வெச்சிருப்பே? அதுவும்..." அவர் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அதுவும் நடுவுலவன் போன வண்டியும் நான் பூட்டினதுதான். இதுலயும் ஒரு பழுது இருக்குன்னு எந்த வாயால உன்கிட்ட சொல்லுவேன்?"

நடுவுலவன் என்றால் அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் பிறந்தவன். இந்த அணிக்கு முதலில் வண்டி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தடத்தில் விழுந்து இறந்துபோய்விட்டான். வண்டியில் குறை எதுவும் இல்லை, முன்னால் போனவன் கொட்டிய எண்ணெய்தான் காரணம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாமாவுக்கு அந்தக் காகிதம் போதவில்லை.

"டிரெய்லருக்கு எதுக்குப் போனீங்க?" என்றார் சர்வேயர்.

"அந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குமாம் சார். அதைப் படிக்கிற கம்ப்யூட்டர் நம்மகிட்ட இல்ல, அது நம்ம சக்திக்கு மீறினது. அதான் அவங்ககிட்டப் போயி, ஒரே ஒரு தடவை படிச்சு என்ன பழுதுன்னு சொல்லுங்கன்னு கேட்டேன். அது ஒப்பந்தத்தில இல்ல பெரியவரே, தனிக் கட்டணம்னாங்க. மறுபடி போனேன். அப்பவும் அதேதான் சொன்னாங்க, ஆனா உக்கார வெச்சு காபி குடுத்தாங்க."

அரட்டைக்கு வழக்கமாக இந்த இடத்தில் நாக்கில் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். வரவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பழுதெல்லாம் இல்ல மாமா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

*

டயர் அடுக்கின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். தோல் உடுப்பை இடுப்பு வரைக்கும் இறக்கிவிட்டு, விரல்களுக்கு பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது. பேசச் சொன்னால் பாதியிலேயே களைத்துவிடுவான்.

"அது நான்தான்," என்றான். "பாலத்துக்குக் கீழ வரும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுடுவேன். அரை நொடி."

"எதுக்குடா?"

"அங்கதானே மாமா அண்ணன் விழுந்தான்."

அவனே சொல்லி முடித்தான்.

"எழுந்து ரெண்டு எட்டு நடந்தான். அப்புறம் உக்காந்தான். அவ்வளவுதான். அந்த இடத்தை அவ்வளவு வேகமா தாண்டிப் போக எனக்கு முடியல. முதல் தடவை தானா கை விட்டுச்சு. அப்புறம் ஒவ்வொரு ரவுண்டும் விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அக்கா வண்டியை வித்துடும்."

மாமா நோட்டை மடியில் விரித்து, பம்ப் என்று எழுதிய வரிகளை விரலால் எண்ணினார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. "மூணு பம்ப்டா," என்றார். "மூணு பம்ப் மாத்தினேன்டா படுபாவி."

அக்கா பேசாமல் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த டியூபை வாங்கித் தன் புடவையில் துடைத்துக் கொடுத்தாள். "மாமா," என்றாள்.

சர்வேயர் மட்டும் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒரு முறை, இரண்டு முறை.

"மாமாவுக்கு மட்டும் தெரிஞ்ச பொய் கம்பெனிக்குப் போகல," என்றார். "தம்பிக்கு மட்டும் தெரிஞ்ச நிஜம் போயிருக்கு. தம்பி யார்கிட்டயும் சொல்லல. மாமா பழுதுன்னு நினைச்சாரு. அக்காவுக்குத் தெரியவே தெரியாது. ஆக இந்த அணியில மனுஷங்க யாரும் விற்கல. ஆனா தம்பியோட மணிக்கட்டு என்ன பண்ணுதுன்னு ஒவ்வொரு ரவுண்டும் கூடவே இருந்து பார்த்தது ஒண்ணு இருக்கு."

அரட்டை சீட்டைப் பார்த்தாள். "சார், வண்டியே போட்டுக் கொடுக்குதா?"

"சீட்டுக்கு அடியில இருக்கிற பெட்டி. அக்கா, அந்த வாடகைப் பத்திரம் இருக்கா?"

இருந்தது. தகர டப்பாவில் பத்திரமாக இருந்தது. ஊர் உலகமெல்லாம் முதல் பக்கத்தைப் படிக்கும். சர்வேயர் கடைசிப் பக்கத்திலிருந்து மேலே போவார், அது பழைய பிழைப்பு கற்றுக்கொடுத்த பாடம். முப்பத்தோராவது விதியில் அவர் விரல் நின்றது. வண்டி ஓடும்போது பெட்டியில் பதிவாகும் சகல விவரங்களும் பராமரிப்பின் பொருட்டு அவ்வப்போதே உரிமையாளராகிய கம்பெனிக்கு அனுப்பப்படும். அவை உரிமையாளருக்கே சொந்தம். அவற்றை எவ்வகையிலும் பயன்படுத்த உரிமையாளருக்கு உரிமை உண்டு. கீழே அக்காவின் கையெழுத்து, அழகாக, அவசரமில்லாமல்.

"நான் படிச்சேன் சார்," என்றாள் அக்கா. "பராமரிப்புன்னு போட்டிருந்துச்சு. நல்லதுக்குத்தானேன்னு நினைச்சேன்."

"பெட்டியைக் கழட்டிட்டா?" என்றாள் அரட்டை.

"வண்டி ஸ்டார்ட் ஆகாது," என்றார் மாமா.

"அப்ப திருடன் யாரு சார்? யாரைப் பிடிக்கிறது?"

"திருட்டே நடக்கலம்மா," என்றார் சர்வேயர். பத்திரத்தை மடித்து டப்பாவிலேயே வைத்தார். இத்தனை வருஷத் தொழிலில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டு இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றது இதுதான் முதல் தடவை.

*

இருந்தாலும் கம்பெனி டிரெய்லர் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். உள்ளே ஏசி குளிரில் எட்டுத் திரைகள். நடுவில் ஒரு லேப்டாப்காரர். முப்பது வயதுகூட இருக்காது. வில்லனைப் பார்க்க வந்த அரட்டைக்கு ஏமாற்றம். மனிதர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"அந்தப் பாலத்து விஷயமா? சூப்பர் உத்தி சார் அது!" என்றார். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. "உங்க பையனோட பின் டயர் கடைசி ரவுண்டுலயும் புதுசு மாதிரி இருக்கு. எங்களோடது தேஞ்சு போயிடுது. என்ன வித்தியாசம்னு எங்க கம்ப்யூட்டர் ஒரு மாசமா தேடுச்சு. நேத்து கண்டுபிடிச்சிடுச்சு. பாலத்துக்குக் கீழ அரை நொடி விடறாரு. வேற எந்த வித்தியாசமும் இல்ல. அதான் எங்க நாலு வண்டியிலயும் தானா விடற மாதிரி ஏத்திட்டோம்."

"ஓட்டுறவங்க ஒண்ணும் கேட்கலையா?" என்றாள் அரட்டை.

"கேட்டாங்க. கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு சொன்னோம். எதுக்குன்னுதான் எங்களுக்கும் புரியல. எப்படிக் கண்டுபிடிச்சாரு அவரு?"

அரட்டை வாயைத் திறந்தாள். சர்வேயர் அவள் காலை மிதித்தார். "யோசிச்சுச் சொல்றோம்," என்றார்.

திரும்பி வந்து மாமாவிடம் கேட்டபோது, அவருக்குத் தயக்கமே இல்லை. "டயரா? அது பின் ஸ்பிரிங். ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாடியும் நான் சீட்டுல உக்காந்து ரெண்டு குதி குதிச்சுப் பார்த்து கையால திருகுவேன். எவ்வளவுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது."

அந்தத் திருகலை எழுதிக்கொள்ள பெட்டியில் இடம் கிடையாது. மாமாவின் கையை விட்டுவிட்டு, தம்பியின் துக்கத்தைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தது அந்தக் கம்ப்யூட்டர்.

"சார்!" அரட்டை குதித்தாள். "அப்ப அவங்க நாலு பேரும் ஒரு பிரயோஜனமும் இல்லாம ஒவ்வொரு ரவுண்டும் வேகத்தைக் குறைச்சுட்டு இருக்காங்க! அது நேர் சாலை. தம்பி மட்டும் இன்னைக்கு விடாம போனா?"

மாமா மனசுக்குள் கணக்குப் போட்டார். "ஒரு ரவுண்டுக்கு ரெண்டு வண்டி நீளம் கிடைக்கும். பதினஞ்சு ரவுண்டு." விரல்விட்டு இன்னொரு தடவை எண்ணினார். "மூணாவது என்னம்மா, ரெண்டாவதே வரலாம்."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அக்காதான் கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பிடிக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்டா. விடாம போயிடறியா?"

தம்பி பிளாஸ்திரியின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தான். தோல் உடுப்பை மேலே இழுத்து ஜிப்பைப் போட்டான்.

"சரிக்கா," என்றான்.

*

மூன்று மணிக்குக் கொடி விழுந்தது.

அக்கா தடத்தை ஒட்டிய பிட் சுவரோரம் எண் பலகையோடு நின்றாள். ஒவ்வொரு சுற்றிலும் தம்பிக்கு அவன் எத்தனையாவது என்று காட்டுவது அவள் வேலை. அவளுக்குப் பக்கத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் ரேஸைப் பார்ப்பதே இல்லை, கேட்பார்.

முதல் சுற்றில் தம்பி ஐந்தாவது; மற்ற வாடகை வண்டிகள் எல்லாம் அவனுக்குப் பின்னால். பாலத்துக்குக் கீழே கம்பெனி வண்டிகள் வரிசையாகத் தும்மின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வண்டி தும்மவில்லை. இரண்டாம் சுற்றிலும் தும்மவில்லை. அந்தச் சுற்றின் முடிவில் அக்கா பலகையில் நான்கு என்ற எண்ணைச் செருகினாள். நான்காம் சுற்றில் அதைப் பிடுங்கிவிட்டு மூன்றைச் செருகினாள். அரட்டை தொண்டை கிழியக் கத்தினாள். சர்வேயரே பஞ்சில்லாமல் நின்றார்.

"விடாம போறான்," என்றார் மாமா கண்ணைத் திறக்காமல். அதில் சந்தோஷமும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது.

ஐந்தாம் சுற்றில் டிரெய்லரின் கதவு திறந்தது. லேப்டாப்காரர் ஓடிவந்து கம்பெனி ஆட்களிடம் எதையோ சொல்லிவிட்டு அதே வேகத்தில் உள்ளே ஓடினார். சுவரோரம் நான்கு பலகைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. நான்கிலும் ஒரே எண்: இரண்டு.

"என்ன சார் அது? நாலு பேருமா ரெண்டாவதா வருவாங்க?" என்றாள் அரட்டை.

"அது இடம் இல்ல," என்றார் மாமா. "ஹேண்டில்ல ஒரு பட்டன் இருக்கும். அதை ரெண்டுக்கு மாத்தச் சொல்றாங்க. மாத்தினா அந்தத் தும்மல் நின்னுடும்."

தம்பி விடாமல் போவதையும் அவன் பெட்டிதான் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றையும், அவ்வப்போதே, முப்பத்தோராவது விதிப்படி. அது தெரிந்தேதான் இருந்தது. ஓடும் ரேஸில் நான்கே சுற்றில் புரிந்துகொள்வார்கள் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

ஆறாம் சுற்றில் பாலத்துக்குக் கீழே முன்னால் போன ஐந்தில் ஒரு வண்டியும் தும்மவில்லை. ஐந்தும் ஒரே சத்தமாக அலறிக்கொண்டு தாண்டிப் போயின. அந்த இடத்தில் எவனும் விழுந்ததும் இல்லை, எழுந்து இரண்டு எட்டு நடந்ததும் இல்லை என்கிற மாதிரி போயின. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் துப்பறிய ஒன்றும் இல்லை. கம்பெனியின் சொந்த இன்ஜின்கள் வாடகை இன்ஜினைவிடப் புதியவை. ஒன்பதாம் சுற்றில் ஒருவன் தம்பியைத் தாண்டினான். பன்னிரண்டில் இன்னொருவன். தம்பி தன்னால் ஆனதையெல்லாம் செய்தான். கொண்டை ஊசி வளைவில் முழங்கை தரையில் உரசக் குனிந்தான். ஒரு தடவை பின் சக்கரம் வழுக்கி, எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. இடைவெளி மட்டும் நேர் சாலையில் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போனது. அக்கா ஐந்தைச் செருகினாள். அதன் பிறகு பலகையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏதாவது பண்ணுங்க சார்," என்றாள் அரட்டை. ஜோக் இல்லாமல் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

சர்வேயர் பாக்கெட்டில் கையை விட்டுப் பஞ்சைக் கசக்கினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது. நடக்காமல் செய்வது அவர் தொழிலில் இல்லை.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் அக்கா பலகையிலிருந்து எண்ணைப் பிடுங்கி எடுத்தாள். வெறும் பலகையைச் சுவருக்கு வெளியே நீட்டினாள். இடமும் இல்லை, நேரமும் இல்லை, எதுவும் இல்லை. தம்பியின் ஹெல்மெட் அதன் பக்கம் ஒரு கணம் திரும்பி, போய்விட்டது.

கம்பெனி வண்டிகள் நான்கும் பாலத்தைத் தாண்டின. கொஞ்சம் பின்னால் தம்பி தனியாக வந்தான். சத்தம் இறங்கியது. இறங்கியபடியே இருந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். "முழு நொடி," என்றார். "விடாத பதினாலு ரவுண்டுக்கும் சேர்த்து விடறான்."

அக்கா பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. தேற்றுவதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை.

*

ஐந்து மணிக்கு லேப்டாப்காரர் கடைசி ஷெட்டுக்கு வந்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தது. நல்லா ஓட்டினீங்க என்று தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசி ரவுண்டுல மட்டும் பாலத்துக்குக் கீழ ஒரு நொடி விட்டிருக்காரு. முன்னாடியெல்லாம் அரை நொடி, நடுவுல இல்லவே இல்ல, அப்புறம் ஒரு நொடி. கம்ப்யூட்டருக்குப் புரியல. என்ன காரணம்னு தெரிஞ்சா அடுத்த சீசனுக்கு எங்களுக்கு உதவியா இருக்கும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அது ஒப்பந்தத்தில இல்ல சார்," என்றார். "தனிக் கட்டணம்."

அரட்டைக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் லேப்டாப்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் பையைத் திறந்து ஒரு படிவத்தையும் பேனாவையும் எடுத்தார்.

"எவ்வளவு?" என்று அக்கறையோடு கேட்டார்.

மாமா திரும்பிப் போய் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஜினின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். ஆறு மணிக்குள் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.